இரண்டு பேரும் ஓர் இயந்திரமும்

எங்கள் முதல் பாட்டுத் தொகுப்பைப் பாராட்டி எழுதியவனை நேரில் பார்த்தால் உதைப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தோம். திட்டி எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. திட்டு வாங்கிப் பழகியவர்கள் நாங்கள்; வாங்கிக்கொண்டு பேசாமல் டீ குடிக்கப் போய்விடுவோம். பாராட்டைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நாங்கள் மூன்று பேர். ராக் பேண்டு. பேண்டு என்று சொன்னதும் எங்கள் பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, கல்யாணத்துக்கு வாசிப்பீர்களா, சாவுக்கு வாசிப்பீர்களா என்பது. இரண்டுக்கும் இல்லை என்றால், பிறகு எதற்கு என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு இன்றுவரை பதில் அகப்படவில்லை. பேண்டின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது தேடிப் போய்க் கேட்டுவிடும் அபாயம் இருக்கிறது.

பாடுகிறவனும் நானும் விழுப்புரம். அவன் ஒரு தனியார் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைத் திறந்து பூட்டுகிறவன், கித்தாரும் அவனேதான். எனக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. பழகுகிறவர் வண்டியை ஓட்ட, இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, காலடியில் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி உயிரோடு இருக்கிறேன். பேண்டிலும் ஏறக்குறைய அதே உத்தியோகம். பேஸ் கித்தார். பேஸ் வாசிப்பது யாருக்கும் தனியாகக் கேட்காது, நிறுத்தினால்தான் அருமை தெரியும் என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார். ஒரு நாள் பாட்டின் நடுவில் நிறுத்திப் பார்த்தேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மூன்றாவது ஆள் டிரம்மர், திண்டிவனத்துக்காரன். காலையும் மாலையும் பள்ளிக்கூட வேன் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பாடகர் குழுவுக்கு வாசிப்பான். பங்குனியிலிருந்து ஆடி முடியும்வரை ஆர்கெஸ்ட்ரா. மேல்மலையனூர்ப் பக்கமோ கண்டாச்சிபுரம் பக்கமோ எந்த ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் அவனுடைய செட்டு அங்கே மேடை ஏறும். மாதா கோயில் பிள்ளை மாரியம்மனுக்கு வாசிப்பதில் அவன் வீட்டிலும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அம்மனுக்கும் இல்லை.

அந்த செட்டின் முதலாளிக்குத் தாளம் ஒன்றுதான் கணக்கு. மேடையில் பெண்கள் ஆடுகிறார்கள். தாளம் கொஞ்சம் ஓடினாலும் கால் பின்னிக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி விழுவார்கள், ஊர் சிரிக்கும். அதனால் முதலாளி டிரம்முக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருப்பார். வேகம் எடுத்தால் முதுகில் ஒரு சொடுக்கு. தளர்ந்தால் இரண்டு. இப்படிப் படித்த கை அவனுடையது. வீட்டுக் கடிகாரம் நின்றுபோனால் அவனை மேசையில் தட்டச் சொல்லிவிட்டுச் சமைக்கலாம்.

தொகுப்பைப் பதிவு செய்தது திண்டிவனத்தில், அவன் சித்தப்பாவின் மல்லாட்டைக் கோடவுனில், அதாவது வேர்க்கடலைக் கிடங்கில். சுற்றிலும் மூட்டை அடுக்கியிருந்ததால் எதிரொலி கிடையாது. காற்றும் கிடையாது. பாடகன் தொண்டையில் மல்லாட்டைத் தூசி இறங்கி, எல்லாப் பாட்டையும் இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் பாடி முடித்தான். டிரம்மர் பனியனைக் கழற்றி, பிழிந்து, மறுபடியும் மாட்டிக்கொள்வான். மூன்று மாதம்.

இணையத்தில் ஏற்றும்போது யார் யார் என்ன வாசித்தார்கள் என்று ஒரு பக்கத்தில் போட வேண்டியிருந்தது. தன் பெயர் வேண்டாம் என்றான் டிரம்மர். ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. சீசனில் ஒரு செட்டில் இருக்கிறவன் பெயரோ முகமோ வேறு எந்த செட்டின் நோட்டீஸிலும் வரக்கூடாது. ஊர்க்காரர்கள் இரண்டு நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எல்லாம் ஒரே ஆட்கள்தானே என்று பேரத்தை ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுடையது திருவிழா நோட்டீஸ் இல்லை, இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தோம். முதலாளிக்கு எல்லாம் நோட்டீஸ்தான் என்றான். ஆகவே பாடகன் பெயர், என் பெயர், இரண்டை மட்டும் போட்டோம். ஊர் விழுப்புரம்.

கொஞ்ச நாள் கழித்துப் பாடகனிடமிருந்து போன் வந்தது. நான் அப்போது ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரை நான்கு முனைச் சந்திப்பில் வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு விமரிசகன், இந்த மாதிரி சங்கீதத்துக்கெல்லாம் அவன் சொன்னால்தான் சொல் என்கிற அளவுக்குப் பேர் வாங்கியவன், எங்களைப் பற்றி இங்கிலீஷில் நீளமாக எழுதியிருக்கிறானாம். பாராட்டி. நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். பெரியவர், என்ன தப்பு செய்தேன் என்று கேட்டார். ஒன்றுமில்லை ஐயா, எங்களுக்கு நல்ல காலம் என்றேன்.

ஓரமாக நிறுத்திப் படித்தேன். தலைப்பிலேயே இரண்டு பேரும் ஓர் இயந்திரமும் என்று இருந்தது. பாடகனின் குரல் வறண்ட நிலத்தின் ஓலமாம். அது மல்லாட்டைத் தூசி. திண்டிவனத்துக்குள் வராமல் மேம்பாலத்தின் மேலேயே பறந்துவிடும் பேருந்துகளைத் திட்டி நாங்கள் போட்ட பாட்டு, வராத மீட்பருக்காக மனிதகுலம் காத்திருப்பதாம். என்னைப் பற்றிய விமரிசனம் முழுவதையும் இங்கே தருகிறேன்: பேஸும் இருக்கிறது.

மிச்சப் பாராட்டெல்லாம் தாளத்துக்கு. டிரம்ஸை மனிதனிடம் கொடுக்காமல் இயந்திரத்திடம் விட்டதுதான் இந்த இருவரின் ஆகப் பெரிய துணிச்சல் என்று ஆரம்பித்து, மனிதக் கையின் கசகசப்பு துளியும் இல்லை, ஈவிரக்கமில்லாத துல்லியம், நம் காலத்தின் நெஞ்சுத் துடிப்பே இப்படித்தான் இருக்கும் என்று ஒரு பத்தி முழுக்க உருகியிருந்தான். முடிவில் ஓர் அழைப்பு. சென்னையில் அவனே ஒரு சிறிய அரங்கில் மாதாமாதம் கச்சேரி வைக்கிறானாம். இந்த இரட்டையர் வந்து வாசிக்க வேண்டுமாம். மேடை சிறியதுதான், இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்.

அன்று சாயங்காலம் திண்டிவனத்தில் டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டிரம்மர் வேனை நிறுத்திவிட்டு அப்படியே வந்திருந்தான். என்னைப் படிக்கச் சொன்னான். நான் இங்கிலீஷைத் தமிழாக்கிக்கொண்டே போய், அவன் பத்தி வந்ததும் தாளம் ரொம்ப சுத்தமாம் என்று ஒரே வரியில் கடக்கப் பார்த்தேன்.

“அப்பிடியே படி மச்சான். நீ ஒண்ணும் சுருக்காத,” என்றான்.

சுருக்காமல் படித்தேன். அவன் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

“மெஷினா நானு?”

பாடகன் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “பாராட்டுதான்டா அது. மெஷின் மாதிரி கரெக்டா கீதுன்றான்.”

“மாதிரின்னு எழுதிக்கிறானா?” என்று டிரம்மர் என்னைக் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.

“அப்ப மூணு மாசமா கோடவுன்ல பனியனப் புழிஞ்சிக்கினு அடிச்சவன் எவன்டா? மெஷினுக்கு வேர்க்குமா?”

பாடகன் விடவில்லை. சென்னை அழைப்பு அவன் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. இந்த ஒரு தடவை மட்டும் நாங்கள் இருவரும் போவது, தாளத்தை மடிக்கணினியில் போட்டுக்கொள்வது, பெயர் கிடைத்தபின் உண்மையைச் சொல்லிக்கொள்வது என்று திட்டம் போட்டான். அதை டிரம்மர் முன்னாலேயே சொன்னதுதான் அவன் பெருந்தன்மை. நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். என் வழக்கப்படி இரண்டு பக்கமும் தலையை ஆட்டி, கேட்காத சுருதியில் ஏதோ முனகினேன்.

டிரம்மர் எழுந்தான். “போய்ட்டு வாங்க. மெஷினுக்கு வேன் ஓட்ற வேல கீது.”

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பேஜாரான நாட்கள். வாட்ஸ்அப்பில் அவன் முகம் இருந்த இடத்தில் ஒரு மாவு கிரைண்டரின் படம் ஏறியது. நான் கூப்பிட்டால் எடுத்து, மெஷின் ரிப்பேரு, மெக்கானிக்க கூட்டியா என்று சொல்லி வைத்துவிடுவான். பாடகன் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. பாடகனோ கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து, ஒரு மென்பொருளில் டிரம்மர் அடித்த தாளத்தையெல்லாம் அப்படியே ஏற்றிக்கொண்டிருந்தான். எனக்கு அனுப்பியும் வைத்தான். கேட்டுப் பார்த்தால் அசலுக்கும் இதற்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், அன்றைக்கு கியர் மாற்றத் தெரியாமல் வந்த ஒரு கல்லூரி மாணவன் மேல் காட்டினேன்.

பிறகு ஒரு நாள், காலை வேன் நடை முடித்து, டிரம்மர் விழுப்புரத்துக்கே வந்துவிட்டான். பயிற்சிப் பள்ளியில் சாலைக் குறியீடுகள் மாட்டியிருக்கும் சுவருக்குக் கீழே, லைசென்ஸ் எடுக்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“எழுது அவனுக்கு. பேரு, ஊரு ரெண்டையும் போட்டு எழுது.”

சீசன் என்ன ஆகும் என்று கேட்டேன். பங்குனி பிறந்துவிட்டது. கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு ஊரில் அவன் முகத்தோடு நோட்டீஸே ஒட்டிவிட்டார்கள்.

“போனாப் போவுது. பேரு வாணாம்னு நான்தான் சொன்னேன், இல்லன்னு சொல்லல. ஆளே வாணாம்னு நான் சொல்லலியே மச்சான்.”

நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் இங்கிலீஷ் ‘எல்’ போர்டில் ஆரம்பித்து ‘எல்’ போர்டிலேயே முடிகிற இங்கிலீஷ். முதலில் எழுதியதை அனுப்பியிருந்தால் போலீஸ் வந்திருக்கும். அடுத்து எழுதியது கடனுக்கு மனுப் போட்டது மாதிரி இருந்தது. கடைசியில் இரண்டு வரியில், இது இயந்திரம் இல்லை, இன்ன பெயர், ஊர் திண்டிவனம் என்று எழுதி, கோடவுனில் பனியனோடு அவன் வாசிக்கிற வீடியோவைச் சேர்த்து அனுப்பினேன். எங்கள் இணையப் பக்கத்திலும் அவன் பெயரை ஏற்றினேன். அனுப்பிவிட்டுத்தான் பாடகனிடம் சொன்னேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் சொன்னால் அனுப்ப விடமாட்டான்.

“உனக்கு இன்னாடா நஷ்டம்? உன்னப் பத்தி ரெண்டு வார்த்தைதான எழுதிக்கிறான்,” என்றான் பாடகன். பெரிய பாராட்டு வாங்கியவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

விமரிசகன் மரியாதையாகப் பதில் போட்டான். தவறுக்கு வருந்தினான். கட்டுரையையும் திருத்தினான். தலைப்பு மாறியது. டிரம்மரின் பெயரும் திண்டிவனமும் எழுத்துப் பிழை இல்லாமல் ஏறின. தாளத்தைப் பற்றிய பத்தியை மட்டும், பாட்டுகளை மறுபடியும் கேட்டு, மறுபடியும் எழுதியிருந்தான். வாசிப்பது மனிதர் என்று தெரிந்தபின் கேட்கையில் கொஞ்சம் விறைப்பாகத் தெரிகிறதாம். கை சரியாகத்தான் போகிறது, மனசு கூடப் போகவில்லையாம். இன்னும் சற்று உணர்ச்சி இருந்திருக்கலாமாம்.

நான் அந்தத் திருத்தத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாட்டில் ஒரு அடி மாறவில்லை. இயந்திரம் அடித்தபோது துணிச்சலாக இருந்த அதே அடி, திண்டிவனத்து ஆள் அடித்ததும் விறைப்பாகிவிட்டது. இட்லி நன்றாக இருக்கிறது என்று சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, சுட்டது யார் என்று தெரிந்ததும் உப்பு குறைவு என்கிறவனைப் பார்த்திருக்கிறேன். எங்கள் சொந்தத்திலேயே உண்டு. ஆனால் அவர்கள் அதை இங்கிலீஷில் சொல்வதில்லை. உதைப்பது என்ற முடிவு மறுபடியும் பலப்பட்டது. இந்தத் தடவை தனியாகவே உதைத்துவிடுவேன் என்று நினைத்தேன். உதைக்கிற வேகத்தில் எனக்குக் கால் சுளுக்கிக்கொள்ளும் என்பதும் தெரிந்தே இருந்தது.

டிரம்மரிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றேன். உணர்ச்சி இல்லையாமா என்று கேட்டுவிட்டு, வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

செட்டு முதலாளிக்கு விஷயம் போக அதிக நேரம் ஆகவில்லை. அவரே டிரம்மரைத் தேடி, பள்ளிக்கூட வாசலில் வேன் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டாராம். சத்தம் போடவில்லையாம். அதுதான் இவனுக்கு உறைத்திருக்கிறது.

“ஏன் தம்பி, மெஷின்னு ஒர்த்தன் எழுதினா எழுதிட்டுப் போறான்னு இருக்கத் தெரியல உனுக்கு? நான் துண்டால அடிச்சி அடிச்சி ஆக்கி வெச்சது அது. அதப் போய் நான் மெஷின் இல்ல, மனுஷன்னு எழுதிக் குடுத்துருக்கிற. சரி, மனுஷன்னா வீட்ல இரு. ஆடி போவட்டும், பாக்கலாம்.”

கட்டுப்பாட்டை மீறியவனை அவர் சும்மா விட முடியாது. மற்ற செட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். நோட்டீஸில் இவன் முகத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். மேடையில் இவன் இடத்தில் ரிதம் பேடு ஒன்றை வைத்தார்கள். பொத்தானைத் தட்டினால் தானே வாசிக்கும். இயந்திரம் என்று எழுதியதற்குக் கோபித்துக்கொண்டவனின் நாற்காலியில், நிஜமாகவே ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

சென்னை அழைப்பை விமரிசகன் வாபஸ் வாங்கவில்லை. டிரம் செட்டு அங்கே இல்லை, நீங்களே கொண்டு வர வேண்டும் என்று மட்டும் எழுதினான். டிரம்மர் வருவான் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வேனில் டிரம்மை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் வந்து, எங்கள் இருவரையும் ஏற்றினான். நான் முன்னால். பாடகன் பின்னால், குழந்தைகள் உட்காரும் குட்டி சீட்டில், முழங்கால் தாடையில் இடிக்க, மடியில் சிம்பல் தட்டோடு. செங்கல்பட்டு தாண்டும்வரை வண்டியில் பேசியது நான் மட்டும். ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முறை பற்றிப் பேசினேன்.

விமரிசகன் அரங்க வாசலிலேயே நின்றிருந்தான். நாங்கள் நினைத்ததைவிடச் சின்னப் பையன். மெலிந்த உடம்பு. தமிழ் வராது, எல்லாம் இங்கிலீஷ்தான். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்து, டிரம்மைத் தூக்க ஒரு கை கொடுத்தான். உதைக்க வசதியான ஆளே இல்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

மேடை சொன்னபடியே சிறியது. டிரம்மை வைத்தபின் பாடகனுக்கு ஒரு முழம் இடம் மிஞ்சியது. எனக்கு திரைச்சீலையின் மடிப்பு. நாற்காலிகள் நிறைந்திருந்தன. முதல் வரிசையில் விமரிசகன். பாடகன் தொண்டையைச் செருமி ஆரம்பிக்கப் போனபோது டிரம்மர் குச்சியால் அவன் முதுகில் தட்டினான்.

ஆர்கெஸ்ட்ராவில் முதல் பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு கலைஞரையும் பெயரும் ஊரும் சொல்லி அறிமுகம் செய்வார்கள். பெயர் சொன்னதும் அந்த ஆள் தன் வாத்தியத்தில் கொஞ்சம் வாசித்துக் காட்டுவார், கைதட்டல் வரும், அடுத்த பெயர். அதைச் செய் என்றான் டிரம்மர். பாடகன் குனிந்து, இங்கெல்லாம் அப்படிச் செய்ய மாட்டார்கள், மானம் போகும் என்று முணுமுணுத்தான்.

“பேரச் சொல்லு. இல்லாங்காட்டி நான் கீழ எறங்கி வண்டில குந்திக்கிறேன்.”

பாடகன் மைக்கைப் பிடித்து, வேப்பெண்ணெய் குடிக்கிற முகத்தோடு, டிரம்ஸ் என்றான், பெயரைச் சொன்னான், திண்டிவனம் என்றான். சனங்கள் தட்டினார்கள். டிரம்மர் வாசிக்க ஆரம்பித்தான்.

நிறுத்தவில்லை.

முதலில் சாதாரணமாகத்தான் போனது. பிறகு வேகம் எடுத்தது. ஓடியது, மூச்சிரைத்து நின்றது, தள்ளாடியது, திடீரென்று திரும்பி வந்து அறைந்தது. ஈரத்துண்டு இத்தனை வருஷமாக எதையெல்லாம் அடித்து உள்ளே தள்ளியதோ அத்தனையும் வெளியே வந்தது. அதை அழகு என்று சொல்ல மாட்டேன். தெருக் குழாயடியில் ஒருவர் பரம்பரையை இழுத்து வைத்து ஒருவர் திட்டுவதைத் தாளத்தில் போட்டால் அப்படித்தான் இருக்கும். அவன் டிரம்மைப் பார்க்கவே இல்லை. முதல் வரிசையை மட்டும் பார்த்தான். விமரிசகன் ஆரம்பத்தில் புன்னகையோடு தலையாட்டினான். பிறகு போனில் ஏதோ குறித்தான். பிறகு குறிப்பதை விட்டான். கடைசியில் தலையாட்டுவதையும் விட்டுவிட்டு, வாத்தியார் கூப்பிட்டு வைத்துத் திட்டுகிற பிள்ளை மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாடகன் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். நான் ஒத்தாசையாக ஒரு சுருதி போட்டுப் பார்த்தேன். டிரம்மர் என்னைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டேன்.

எங்களுக்குக் கொடுத்திருந்த நேரத்தில் பாதியை அவன் தின்று முடித்தான். சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆரம்பி என்றான் பாடகனிடம். மிச்சமிருந்த நேரத்தில் நாலு பாட்டுதான் பாட முடிந்தது. அந்த நாலுக்கும், தொகுப்பில் எப்படி வாசித்தானோ அப்படியே வாசித்தான். இம்மி பிசகவில்லை. ஆடும் பெண்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் பத்திரமாக ஆடியிருப்பார்கள்.

முடிந்ததும் விமரிசகன் மேடைக்கே ஏறி வந்தான். கண் கலங்கியிருந்தது மாதிரி எனக்குப் பட்டது. மேடை விளக்கின் சூடாகவும் இருக்கலாம். டிரம்மரின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, ஆரம்பத்தில் வாசித்தாரே, அதே மாதிரி பாட்டுகளுக்கும் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்கச் சொன்னான். கேட்டேன்.

“அது பாட்டு மச்சான், பாட்டுக்கு இன்னா வேணுமோ அத அடிச்சேன். முன்ன அடிச்சது இவருக்கு. சொல்லு.”

விமரிசகன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். தேங்க்யூ என்கிறார் என்றேன்.